ஹேண்ட் பிரேக் போடாத ஊர்

ஈப்போவில் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். மெட்ராஸில் ஒரே ஒரு மத்தியானத்தில் நான் செய்ததைக் கேட்டால், ஓட்டத் தெரியாதவள் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள்.

போன காரியம் தங்கையைப் பார்ப்பது. தேவகி என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்தது நான். மேல்படிப்புக்கு மெட்ராஸுக்கு அனுப்பியதும் நான்தான். படித்து முடித்த கையோடு, ஆரோக்கியராஜ் என்பவரைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒரு கடிதம் எழுதினாள். சாந்தோம் பக்கத்து வேதக்காரக் குடும்பம், மாதாகோயிலுக்குப் போகிறவர்கள். நான் பதில் போடவில்லை. அந்த மனிதர் தனியாக எனக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன்.

அதோடு பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. கோபம் இரண்டாவது வருடத்திலேயே தீர்ந்துபோனது. மீதிப் பத்து வருடம் வெறும் வெட்கம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், இனியும் தள்ளிப் போட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. டிக்கெட் வாங்கிவிட்டேன்.

புதன்கிழமை காலை மீனம்பாக்கத்தில் இறங்கினேன். தேவகி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த மனிதர் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றார். “வாங்கக்கா” என்றார், ஏதோ போன மாதம் பார்த்துவிட்டுப் பிரிந்தவர் மாதிரி. நான் தலையை மட்டும் ஆட்டினேன். தங்கை புருஷனை மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. தம்பி என்று சொல்லவும் வரவில்லை. அடையாறில் அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் “இந்தாங்க”, “கேட்டீங்களா” என்றே அவரிடம் பேசி ஒப்பேற்றினேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான்.

வாசலில் ஒரு வெள்ளை மாருதி நின்றது. வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறை கூட இன்னும் பிரிக்கவில்லை. அவர் காலையில் எழுந்ததும் காபிக்கு முன்பே மஞ்சள் துணியோடு அதைத் துடைக்கப் போய்விடுவார். துடைத்து முடித்துவிட்டு ஸ்கூட்டரில் ஆபீஸ் போவார்.

வியாழக்கிழமை தனியாக ஆட்டோவில் தி. நகர் போனேன். “மீட்டர் போடுங்க” என்றேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “எந்த ஊரும்மா நீ? மீட்டரு சும்மா அழகுக்கு வச்சிக்கீறோம்” என்றார். பாதி வழியில் வண்டி நின்றுபோனது. அவர் இறங்கித் தள்ள, நான் உள்ளே உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு நானும் இறங்கித் தள்ள, சைதாப்பேட்டை பஸ் ஒன்றிலிருந்து பத்துப் பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஓட்டலில் அடையும் அவியலும் சாப்பிட்டேன். அந்த அவியலுக்காகவே இன்னொரு முறை விமானம் ஏறலாம். ஆனால் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே நின்றது. அவர்களுடைய சின்னப் பெண் என் தட்டையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் ஊரில் இப்படிச் செய்தால் சண்டை வரும். இங்கே நான் எழப் போனதும் அந்த அம்மாள், “மெதுவா வாங்க, தண்ணி குடிச்சிட்டு எந்திரிங்க” என்றாள்.

வெளியே ஒரு புடவைக் கடை வாசலில் நின்றபோதுதான் அந்த வேடிக்கையைப் பார்த்தேன். காக்கிச் சட்டை வாட்ச்மேன் ஒருவர், நிறுத்தி வைத்திருந்த கார்களை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு காருக்குள்ளும் ஆள் இல்லை. முன்னே ஒன்றைத் தள்ளி, பின்னே ஒன்றை இழுத்து, நடுவில் மாட்டியிருந்த அம்பாசிடருக்கு வழி உண்டாக்கினார்.

“பூட்டின காரை எப்படித் தள்ளுறீங்க?” என்று கேட்டேன்.

“ஹேண்ட் பிரேக் போட மாட்டாங்கம்மா. நியூட்ரல்ல வுட்டுட்டுப் பூடுவாங்க. போட்டாங்கன்னா நா இன்னா பண்றது, தலையிலயா தூக்கிக்கினு போறது?”

பிரேக் போடாமல் நடுத்தெருவில் காரை விட்டுவிட்டுப் புடவை பார்க்கப் போகிறார்களாம்! என் காராக இருந்தால் ஒருநாளும் விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா. தேவகிக்குக் கல்லூரியில் தேர்வு வேலை, வர முடியாது. ஆட்டோ தள்ளிய கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஆரோக்கியராஜ், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் முன் மேஜையில் வைத்தார்.

“நீங்களே எடுத்துட்டுப் போங்கக்கா. உங்க ஊர்லயும் இடது பக்கம்தானே ஓட்டறாங்க. லைசென்ஸும் கொண்டுவந்திருக்கீங்க.”

“உங்களுக்கு வேணாமா?”

“எனக்கு ஸ்கூட்டர் இருக்கு. மத்தியானம் லீவு. ஆபீஸ் நண்பர்கள் வடக்கு மாட வீதில மோர்ப் பந்தல் போடறாங்க, வருஷா வருஷம் நானும் போவேன். கூட்டத்துல முடிஞ்சா வந்து ஒரு டம்ளர் மோர் குடிங்க.”

தேவகி வாயைத் திறந்து மூடினாள். அவளுக்குக்கூட அவர் இன்னும் அந்தச் சாவியைத் தனியாகக் கொடுத்ததில்லை என்று அப்புறம் தெரிந்தது. சாவி என் உள்ளங்கையில் இருந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். இந்தக் காரைக் கொண்டுபோனது போலவே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு கீறல் கூடாது. பிரிக்காமல் திருப்பிய கடிதத்துக்கு என்னால் முடிந்த பதில் அதுதான்.

திருவிழா அன்றைக்குக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்குள் எந்த வண்டியும் நுழைய முடியாது. மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். போலீஸ்காரர் கையைக் காட்டி, “உள்ள வுட மாட்டாங்கம்மா. அதோ பாதிரியார் ஸ்கூல் கிரவுண்டு, அங்க போட்டுட்டு நடந்து போ” என்றார். ஸ்டியரிங்கில் ஒரு பொம்பளை இருப்பதைக் குனிந்து இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார்.

மாதாகோயிலை ஒட்டிய பள்ளிக்கூட மைதானம் அது. சாமி பார்க்க வருகிறவர்களுக்காக அதைத் திறந்து விட்டிருந்தார்கள். விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்தியவர் அங்கே கணக்கு வாத்தியாராம், லூர்துசாமி சார் என்று கூப்பிட்டார்கள். நடுவில் பாதை கீதை எதுவும் விடவில்லை. சுவரை ஒட்டி ஒரு வரிசை, அதன் மூக்கோடு மூக்காக அடுத்த வரிசை. பெட்டியில் சோப்பு அடுக்குவது போல அடுக்கிக்கொண்டிருந்தார்.

சுவரோரம் ஒரு நீல பியட். அதன் முன்னால் என்னை நிறுத்தச் சொன்னார். பியட்டிலிருந்து இறங்கியவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். உடன் மனைவி, தலை நிறைய மல்லிகை வைத்த ஒரு பெண்.

“சார், நான் நாலு மணிக்குக் கெளம்பியாகணும்” என்றார் அவர். “அஞ்சு மணிக்குப் பொண்ணு பாக்க வராங்க, சைதாப்பேட்டைக்கு. வேண்டுதல், அதான் ஒரு நடை வந்தோம்.”

“கவலையே படாதீங்க. முன்னால நிக்கற வண்டிய ஒரு கை தள்ளினாப் போதும்” என்ற வாத்தியார் என் பக்கம் திரும்பினார். “அம்மா, ஹேண்ட் பிரேக் போடாதீங்க. கியர்லயும் விடாதீங்க. நியூட்ரல்.”

“சரிங்க சார்” என்றேன்.

அவர் அடுத்த வண்டிக்குப் போனதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். முதல் கியரில் போட்டேன். ஸ்டியரிங்கைப் பூட்டினேன். நாலு கதவையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். நாலு மணிக்குள் நான்தான் திரும்பிவிடுவேனே, எதற்கு இன்னொருத்தன் கை இந்தக் கார் மேல் பட வேண்டும்? தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. எல்லாவற்றையும் காதால் கேட்டுக்கொண்டேதான் இழுத்தேன்.

உள்ளே போனால், அம்மாடி! எங்கள் ஊர் தைப்பூசத்தைப் பார்த்த கண்தான் இது, ஆனால் அங்கே கூட்டம் ஒரு திசையில் போகும். இங்கே எல்லாத் திசையிலும் போனது. நாயன்மார்கள் பல்லக்குப் பல்லக்காக வந்துகொண்டே இருந்தார்கள். பத்தடிக்கு ஒரு பந்தல். யாராவது எதையாவது கையில் திணித்தார்கள். பானகம், சுண்டல், தொன்னையில் புளியோதரை. வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். ஒருத்தர், “சாப்புடும்மா, வூட்ல போயி இன்னா பண்ணப் போற” என்று இரண்டாவது தொன்னையும் கொடுத்தார்.

கிழக்கு மாட வீதியில் ஒரு கடைப் படியில் எனக்கு இடம் கொடுத்தாள் ஒரு மாமி. “ஏறி நில்லுங்கோ, கபாலி வர்றதுக்கு இன்னும் நாழியாகும். நாங்க ஆத்துலேர்ந்து ரெண்டு மணிக்கே வந்து நின்னுண்டிருக்கோம்” என்றாள். மூன்றரைக்குக் கிளம்பப் பார்த்தேன். படியை விட்டுக் காலைக் கீழே வைக்க முடியவில்லை. கூட்டம் கொஞ்சம் விலகட்டும் என்று நின்றேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தைகளுக்கு நடுவே அந்த அறிவிப்பு வந்தது. “பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளை மாருதியை நிறுத்திச் சென்றவர் உடனே வரவும். கடைசி எண் நாற்பத்தொன்பது பதினாறு.”

“யாரோ பிரகஸ்பதி பிரேக்கைப் போட்டுட்டு வந்திருக்கான்” என்றாள் மாமி.

“எங்க ஊரா இருந்தா சம்மன் எழுதி இழுத்துட்டுப் போயிடுவாங்க” என்றேன் நான். மனதாரத்தான் சொன்னேன். அந்த ஊரில் பாதிக் கார் வெள்ளை மாருதி. என் காரின் நிறமும் மாடலும் எனக்குத் தெரியும், நம்பர் தெரியாது. இரவல் வண்டியின் நம்பரை யார் பார்க்கிறார்கள்?

இரண்டாவது முறை அறிவித்தார்கள். மாமி தலையில் அடித்துக்கொண்டாள். நானும் ‘ச்சு’ கொட்டினேன். மூன்றாவது முறை அறிவித்தவருக்கே பொறுமை போய்விட்டது. “ஐயா, யாரா இருந்தாலும் தயவுசெய்து வாங்க. பின்னால நீல பியட் மாட்டிக்கினு கீது. பொண்ணு பாக்க வர்ற நேரம். அந்தக் குடும்பம் நின்னுக்கினு அழுது.”

தொன்னை என் கையிலிருந்து விழுந்தது. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தேன். அதில் ஒரு சின்ன அட்டை தொங்கியது. ஆரோக்கியராஜின் குண்டு குண்டான எழுத்தில் முழு நம்பரும் இருந்தது. கடைசியில் 4916.

“என்னாச்சு, முகம் வெளுத்துப் போயிருக்கே?” என்றாள் மாமி.

“அந்தப் பிரகஸ்பதி நான்தான்” என்று சொல்லிவிட்டுப் படியிலிருந்து குதித்தேன்.

சாமியைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு எதிராக ஓடுவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பூக்காரம்மா என்னைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “இன்னாமா, சாமி இந்தாண்ட கீது, நீ அந்தாண்ட ஓடிக்கினு கீறே!” செருப்பு ஒன்று போயிற்று. மற்றதையும் உதறிவிட்டு ஓடினேன். மைதானத்தை அடைந்தபோது மணி ஐந்தாக ஐந்து நிமிடம்.

நீல பியட்டைக் காணோம். என் காரையும் காணோம்.

ஆரோக்கியராஜின் கார் போய்விட்டது என்று மட்டும்தான் நினைத்தேன். பெண் பார்ப்பது, நிச்சயம், யாருடைய வாழ்க்கையும் அந்த நேரத்தில் என் ஞாபகத்தில் இல்லை. அப்புறம் கண்ணில் பட்டது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வேப்பமரத்தடியில், எந்த டிரைவரும் அப்படி நிறுத்த முடியாத கோணத்தில், குறுக்கே நின்றது 4916.

லூர்துசாமி சார் என் வெறுங்காலைப் பார்த்தார். திட்ட நினைத்ததில் பாதியை விழுங்கிவிட்டார் போலிருக்கிறது. “படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா” என்றார். “பத்து நிமிஷம் முன்னாலதான் அவங்க போனாங்க. அந்தப் பொண்ணு முகத்தை என்னால பாக்க முடியல.”

“கார் எப்படி அங்க போச்சு?”

மரத்தடியில் வேட்டியை மடித்துக் கட்டிய ஏழெட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேறொரு கோயில் சாமியைத் தூக்க வந்து, தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களில் பெரியவர் தோளைத் தடவிக்கொண்டே சிரித்தார். “நாங்கதாம்மா தூக்கி வச்சோம். சாமிய வுட இது லேசுதான், இன்னா, தோள்ல தாங்கற பல்லக்குக் கொம்பு இல்லாத புடிக்கணும். ஒரு சாரு வந்து எங்கெங்க புடிச்சா நசுங்காதுன்னு சொல்லிக் குடுத்தாரு. அவரும் ஒரு கை போட்டாரு.”

கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய? காரைச் சுற்றி வந்து பார்த்தேன். எங்கும் நசுங்கவில்லை. பின் பம்பரின் ஓரத்தில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

நான் வீட்டுக்கு வந்த பிறகு, விளக்கு வைக்கிற நேரத்தில் ஆரோக்கியராஜும் வந்தார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிரேக் போட்டது, ஒலிபெருக்கி, பியட், தூக்கியது, கீறல். தேவகி சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். வெளியே போய்க் குனிந்து கீறலைப் பார்த்தார்.

“பம்பர்னா அதுக்குத்தானேக்கா வச்சிருக்காங்க. நான்தான் நம்பரைச் சொல்லி அனுப்பியிருக்கணும். தப்பு என் பேர்ல.”

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவருடைய இடது உள்ளங்கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டேன். மோர் அண்டா மூடி வெட்டிவிட்டது என்றார். அந்தப் பந்தலுக்கு நான் போகவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை முழுவதும் வெயில் என்று சொல்லிக்கொண்டு அறையிலேயே கிடந்தேன். தேவகி வெள்ளரிப் பிஞ்சு நறுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் காலைப் பிடித்து விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் குருத்தோலைத் திருநாள். “நீங்க வீட்ல இருங்கக்கா” என்றாள் தேவகி. நான் புடவையை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினேன். அவர் ஓட்டினார். ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் பல்லைக் கடித்தார், கியர் கரகரவென்று கத்தியது. புதுக் காரை இப்படி ஓட்டினால் கியர் பெட்டி என்னத்துக்கு ஆகும் என்று எனக்கு உள்ளே பொருமியது. நல்லவேளையாக வெளியே சொல்லவில்லை.

அதே மைதானம்தான். அதே அடுக்கல்தான். அவர் நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கி நடந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாதாகோயில் வாசலில் எனக்கும் ஒரு ஓலையை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

முடிந்து வந்தபோது எங்கள் காருக்குப் பின்னால் ஒரு அம்பாசிடர் நின்றது. லூர்துசாமி சார் ஓலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து அதைத் தள்ளினார். அது சாதுவாக உருண்டு போயிற்று. கையைத் தட்டிக்கொண்டே திரும்பினார்.

“என்ன ஆரோக்கியம் சார், கை எப்படி இருக்கு? அன்னைக்குத் தூக்கும்போது பம்பர் நல்லாக் கிழிச்சிடுச்சே. ரத்தம் கொட்டக் கொட்ட விடாம புடிச்சுக்கிட்டிருந்தீங்களே...”

வாத்தியாரின் கண்கள் அதற்குள் நம்பர் பலகைக்குப் போயின. பிறகு என்னிடம் வந்தன. “அட, இது அந்த வண்டி! இவங்கதான் அந்த... சார், யார் வண்டின்னு கேட்டப்ப உங்களுக்குத் தெரியாதுன்னீங்களே!”

ஆரோக்கியராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மைக்ல நம்பரைக் கேட்டுத்தான் சார் பந்தல்லேர்ந்து ஓடி வந்தேன். மாத்துச் சாவி வீட்டு பீரோல. எடுத்துட்டு வர நேரமில்ல.”

“என் வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா யார் ஓட்டிட்டு வந்தாங்கன்னு கேப்பீங்க. அத்தனை பேர் திட்டிட்டு இருந்தாங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்காங்க சார் எங்கக்கா.”

ஓலை பிடித்த குழந்தைகள் எங்களைச் சுற்றி ஓடின. அன்றைக்கு அந்த மல்லிகைப் பெண் சைதாப்பேட்டைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று வாத்தியாரைக் கேட்டேன். தெரியாது என்றார். எனக்கும் இன்றுவரை தெரியாது. அது உள்ளே உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

ஆரோக்கியராஜ் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். நான் குறுக்கே போய்க் கையை நீட்டினேன்.

“சாவியைக் கொடுங்க மாப்பிள்ளை. இந்தக் கையோட நீங்க கியர் போட வேணாம்.”

அவர் என்னைப் பார்த்தார். சாவியை என் கையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். பின் சீட்டில் தேவகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்ப ஆரம்பித்தாள்.

“வீட்ல போய் அழலாம், இரு” என்றேன். “கண்ணாடில பின்னால ஒண்ணுமே தெரியல, நான் ரிவர்ஸ் எடுக்கணும்.”